மக்காச்சோளத்தில் பன்றி: மூன்று கி.மீ. கணக்கு விளாத்திகுளத்துக்கு உதவுமா?

மார்கழிப் பனியில் மக்காச்சோளம் பால் பிடித்துவிட்டால், விளாத்திகுளம், புதூர் பக்கம் உங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. புரட்டாசிக் கடைசியில் ஊன்றிய விதை படைப்புழுவுக்குத் தப்பி, மழைக்கும் தப்பி எழுபது, எண்பது நாள் பயிராக நிற்கிறது. அந்த நேரம் பார்த்துப் பன்றிக்கூட்டம் இறங்கும். தின்பது கொஞ்சம், ஒடித்துச் சாய்ப்பதுதான் அதிகம். காலையில் போய்ப் பார்த்தால் நட்டநடுவில் பாய் விரித்ததுபோல் தட்டை கிடக்கும்.

இதற்கு அரசு ஒரு வழி சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில், அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் அறிவித்ததன்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

நம் பேச்சில் 'காடு' என்றால் புஞ்சை. 'காட்டுக்குப் போய்ட்டு வாரேன்' என்றால் களையெடுக்கப் போகிறோம் என்று பொருள். அரசாணையில் காடு என்றால் காப்புக்காடு. கோவில்பட்டி பக்கம் குருமலையில் அப்படியொரு காடு உண்டு. விளாத்திகுளம் வட்டத்தின் பெரும்பகுதி அதிலிருந்து வெகுதூரம். ஆக, உங்களில் பெரும்பாலானோர் சுடலாம் என்ற மூன்றாம் வட்டத்தில்தான் வருகிறீர்கள். காகிதத்தில் இது உங்களுக்குச் சாதகம்.

களத்தில் அப்படியில்லை. சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் மட்டுமே. நீங்கள் சுட்டால் குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் மனுக் கொடுத்து, விசாரணை முடிந்து, அனுமதி வந்து, ஆள் வருவதற்குள் கதிர் முற்றிவிடும். ஆளடி உயரத்துக்கு மேல் நிற்கும் பயிருக்குள், இருட்டில், பக்கத்துப் புஞ்சையில் ராக்காவலுக்கு ஆள் படுத்திருக்கும்போது யார் துப்பாக்கியை நீட்டுவார்? இன்னொன்று, பெண்பன்றி நான்கு மாதத்துக்குள் சினை முடித்து நான்கைந்து குட்டி, சில நேரம் அதற்கு மேலும் ஈனும். பத்தைச் சுட்டாலும் மறுவருடம் கணக்கு நேராகிவிடும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே சுட அனுமதி தருகிறார்கள். அந்த அதிகாரத்தை இங்கேயும் கேட்பது நியாயம்தான். ஆனால் அது மட்டும் போதாது.

ஏனென்றால் உங்கள் புஞ்சைக்கு வரும் பன்றி குருமலையிலிருந்து நடந்து வரவில்லை. கண்மாய்க்குள்ளும், ஓடைக்கரையிலும், வைப்பாற்றுப் படுகையிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்துக்குள் பகலெல்லாம் படுத்துக்கிடக்கிறது. நிழல், சகதி, ஆள் நடமாட்டமில்லாத முள் என்று அதற்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. கரிமூட்டத்துக்கு வெட்டுகிறோமே என்பீர்கள். மேலே வெட்டினால் தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. கரித்தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம் என்பதால், மரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கண்மாய்க்குள்ளும் விளைநிலத்தை ஒட்டியும் நிற்பதைத்தான் சொல்கிறேன்.

மக்காச்சோளமும் ஒரு மறைவிடமே. பருத்தி, மல்லி, உளுந்து, பாசி என்று கலந்து கிடந்த கரிசலில் பன்றி ஒளிய இடம் குறைவு. கோழித்தீவனத்துக்கு நல்ல விலை போவதால் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர். அதை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. முள்காட்டை ஒட்டிய ஓரத்திலாவது மிளகாயோ மல்லியோ போட்டு, வரப்போரம் நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கி ஊன்றிப் பாருங்கள்.

சேலை கட்டுவது, முடி தூவுவது, கந்தகம் தோய்த்த கயிறு கட்டுவதெல்லாம் சில நாள் பலன் தரும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. ஆனாலும் ஒரே வாடை பழகிவிட்டால் பயம் போய்விடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போரேட் குருணையை மணலில் கலந்து கட்டும் பழைய யோசனை இன்னும் சில ஊர்களில் சுற்றுகிறது. அந்த மருந்து 2020 கடைசியோடு தடை செய்யப்பட்டுவிட்டது, தொடாதீர்கள். கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் இழுத்துக் கம்பி கட்டுவது பன்றியைவிட முதலில் உங்கள் வீட்டு ஆளைக் கொல்லும். சிறைக்கும் வழி அது. சூரிய மின்வேலி வேண்டுமென்றால் மானிய ஒதுக்கீடு இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். மின்வேலிக்கு 2023இல் தனி விதிகள் வந்திருப்பதால் வனத்துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டில் ஒரு புதுச்செய்தி உண்டு. வனவிலங்கு தாக்குதலால் ஏற்படும் பயிர் இழப்பையும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் நடைமுறை. ஆனால் எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று பட்டியலிட வேண்டியது மாநில அரசு. அந்தப் பட்டியலில் காட்டுப்பன்றியும் விளாத்திகுளமும் இடம்பெறாவிட்டால் அறிவிப்பால் நமக்குப் பயனில்லை. விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. பட்டியலில் வந்துவிட்டாலும், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியுடன் படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். அடங்கலில் மக்காச்சோளம் என்று சரியாக ஏறியிருக்கிறதா என்பதை விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். வேளாண் அலுவலர்கள் இந்தப் பதிவேற்றத்தை ஒருமுறை ஊர்ச் சாவடியிலேயே செய்து காட்டினால் பெரிய உதவி.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும், இயந்திரம் உள்ளே இறங்கும். அடுத்த முறை ஊராட்சியில் கருவேலம் ஏலம் விடும்போது, தூரோடு பிடுங்கித் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஏல நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி, அது எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.