திரைத் தாதாவின் நாவில் யாருடைய தமிழ்?



தமிழ்த் திரைப்படத்தில் தாதாவோ கடத்தல்காரனோ முஸ்லிமாக வந்தால், அவன் வாய் திறந்ததுமே பெரும்பாலும் தமிழ் நொண்டத் தொடங்குகிறது. ‘அரே’ என்பான், ‘நம்பள், நிம்பள்’ என்பான், பாலும் எண்ணும் மயங்கப் பேசுவான். இந்தத் தமிழை எந்த ஊரில் கேட்டு எழுதினார்கள்?

பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காட்டுக்கோ வி.களத்தூருக்கோ வந்து கேட்கட்டும். அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டத்துக்கும் போகட்டும். பக்கத்து வயலின் உழவர் பேசும் தமிழே இங்குள்ள முஸ்லிம் பேசும் தமிழ். தந்தையை ‘அத்தா’ என்கிறோம். ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், ஈதைப் பெருநாள் என்றும் வழங்குகிறோம். மார்க்கக் கடமைகளுக்கே தமிழ்ப் பெயர் சூட்டிய சமுதாயம் இது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும், அரபு எழுத்தில் தமிழ் எழுதிய ஆலிம்களும் நம் முன்னோரே. வேலூர், ஆம்பூர்ப் பக்கம் உருது பேசும் சகோதரர்களும் உண்டு. அவர்களது தமிழுக்கும் தனி ஓசை இருக்கிறது. திரையில் ஒலிப்பது அதுவும் அன்று.

‘மும்பை தாதா அப்படித்தான் பேசுவான்’ என்பார்கள். அந்நகரில் பெயர்பெற்ற ஹாஜி மஸ்தான் இராமநாதபுரம் பகுதியிலுள்ள பனைக்குளத்தில் 1926இல் பிறந்த தமிழ் முஸ்லிம். அவர் சாயலில் உருவானதாகப் பேசப்படும் ‘தீவார்’ (1975) படத்தின் நாயகனோ முஸ்லிமும் அல்லன், தமிழனும் அல்லன். வாழ்ந்த முஸ்லிமின் தமிழ் மறைக்கப்படுகிறது. கற்பனை முஸ்லிமுக்கு உடைந்த தமிழ் வழங்கப்படுகிறது. ‘பாட்ஷா’ (1995) படத்திலோ, ஆட்டோ ஓட்டும்போது மாணிக்கமாக இருப்பவன் தாதாவாக வலம் வந்த நாள்களில் பாட்ஷா. இறந்த நண்பனுக்காகவே அப்பெயர் என்று கதை காரணம் சொல்லலாம். மக்கள் மனத்தில் எஞ்சுவது, அச்சத்துக்கு முஸ்லிம் பெயர் என்பதே.

முஸ்லிம் வேடத்தில் முஸ்லிமே நடிக்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ‘பம்பாய்’ (1995) படத்தில் இந்துத் தந்தையாக நாசரும் முஸ்லிம் தந்தையாகக் கிட்டியும் நடித்தனர். ‘நாயகன்’ (1987) படத்தில் வேலுவை வளர்க்கும் ஹுசைன் பாயாக நடித்தவர் கன்னட நடிகர் எம்.வி.வாசுதேவ ராவ். நடிகரின் பிறப்பு தடையன்று. எழுதுபவர் கேளாமல் எழுதுவதே குற்றம்.

இது வெறும் உச்சரிப்புச் சிக்கலா? நம் பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிக்குச் சென்றால், ‘தமிழ் நன்றாகப் பேசுகிறாயே!’ என்று வியக்கிறார்கள். தாய்மொழியைப் பேசியதற்குப் பாராட்டா? பாராட்டுப்போல் தோன்றும் அச்சொல், அப்பிள்ளையைச் சொந்த மண்ணில் விருந்தாளியாக்கிவிடுகிறது.

மொழிகளின் வேற்றுமையை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தில் (30:22) கூறுகிறான். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் (49:6) கட்டளையிடுகிறது. விசாரித்து எழுதுவது திரைத்துறையின் கடமை.

நமக்கும் கடமை உண்டு. கடத்தல் பொருள் ஹராம். தாதா முஸ்லிம் என்பதற்காக நம் இளைஞர் பெருமை கொள்ளலாகாது. தடை கேட்டு முழங்குவதோடு நில்லாமல், நம் பேச்சையும் வாழ்வையும் நாமே கதையாக, நாடகமாக, படமாக எழுதவேண்டும். நாம் எழுதாத இடத்தில்தான் ‘நம்பள், நிம்பள்’ குடியேறுகிறது.

உண்மையை உரைக்கும் நாவையும் எழுதும் கரத்தையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.