கழுநீர்த் தொட்டியில் கரையும் இரண்டு மூட்டை நெல்

ஏக்கருக்கு இரண்டு மூட்டை நெல் கூடுதலாக எடுக்க நாம் படாத பாடு படுகிறோம். புது ரகம் தேடுகிறோம், நுண்ணூட்டம் தெளிக்கிறோம், உரத்தைப் பிரித்துப் போடுகிறோம். ஆனால், அதே இரண்டு மூட்டை ஆண்டுதோறும் நம் சமையலறையில் காணாமல் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பத்துப் பேர் இருக்கும் விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, அண்ணன் தம்பி குடும்பங்கள், பிள்ளைகள். இந்த வீட்டு உலையில் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு கால் கிலோ அரிசி விழுகிறது என்று வையுங்கள். பத்துப் பேருக்கு வடிக்கும் பானையில் கால் கிலோ கூடுவது கண்ணுக்கே தெரியாது. ஆண்டுக்கு அது 91 கிலோ அரிசி. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று பார்த்தால் 140 கிலோ நெல். 70 கிலோ மூட்டையில் சரியாக இரண்டு மூட்டை. ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அப்படியானால் அந்த இரண்டு மூட்டைக்காக மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறோம்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல் வெளியிட்ட உணவு வீணடிப்பு அறிக்கையின்படி, 2022ல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 55 கிலோ என்கிறது அறிக்கை. தோல், எலும்பு போன்ற தின்ன முடியாத பகுதிகளும் அதில் சேர்த்தி. அவற்றைக் கழித்தாலும் மிஞ்சுவது சின்னத் தொகை இல்லை.

பெரிய குடும்பங்கள் ஊதாரிகள் என்று நான் சொல்லவில்லை. சின்னக் குடும்பத்தைவிடப் பெரிய குடும்பத்தில் ஆள் ஒன்றுக்குச் செலவு குறையவே வழி உண்டு. அங்கே குறைவது அளவும் பொறுப்பும்தான். உலையில் அரிசி போடுபவர் ஒருவர், கடைக்குப் போகிறவர் வேறொருவர், களத்தில் நெல்லை விற்பவர் மூன்றாமவர். மூவரும் கலந்து பேசாத வீட்டில்தான் சோறும் வீணாகிறது, பணமும் வீணாகிறது. வயலுக்குக் கணக்கு வைப்பதுபோல் சேமிப்பறைக்கும் கணக்கு வைத்தால், பைசா செலவில்லாமல் வருமானத்தைக் கூட்டலாம்.

தலையை எண்ணி அளந்து போடுங்கள்

நம் பாட்டிமார் ஆழாக்கும் உழக்கும் வைத்து அளந்தார்கள். இப்போது கைக்கு வந்த பாத்திரத்தால் அள்ளிப் போடுகிறோம். அரிசிப் பானைக்குள் ஒரே அளவு டம்ளர் நிரந்தரமாகக் கிடக்கட்டும். பெரியவருக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று ஒரு வாரம் அளந்து பார்த்தால் வீட்டுக்குரிய அளவு தானே தெரிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளியில் சாப்பிடும் பிள்ளை, டவுனுக்குப் போன தம்பி, விருந்தாளி, நடவு ஆட்கள் என்று விவசாய வீட்டில் தலை எண்ணிக்கை தினமும் மாறும். சந்தேகமான நாளில் முக்கால் பங்கு வடித்துவிட்டு, ஆள் கூடினால் சின்னக் குக்கரில் இன்னொரு உலை வைப்பது மேல். பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் வடிப்பதுதான் அதிகம் மிஞ்சுகிறது.

மிஞ்சிய சோற்றுக்கும் வழி உண்டு. ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழைய சோறு. வெயில் காலத்தில் மூடிய பானையில் சூட்டோடு வைத்தால் நூல் விட்டுப் போகும். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மாட்டுக்குத்தானே போகிறது என்பவர்களுக்கு

இந்தப் பேச்சை எடுத்தாலே கிராமத்தில் வரும் பதில், "சோறு வீணாகவில்லையே, கழுநீர்த் தொட்டிக்குத்தானே போகிறது" என்பதுதான். இதை ஏற்க முடியாது. 50 ரூபாய் அரிசியை வேக வைத்து மாட்டுக்குப் போடுவதைவிட விலை கூடிய தீவனம் இல்லை. தவிடும் பிண்ணாக்கும் அதைவிட மலிவு.

பணத்தைவிடப் பெரியது மாட்டின் உடல்நலம். அசைபோடும் விலங்கின் முதல் வயிறு நார்த்தீவனத்துக்கு ஏற்றது. சோறு, கஞ்சி, பொங்கல் போன்ற மாவுப் பொருளை ஒரே நேரத்தில் அதிகமாகத் தின்றால் அது வேகமாகப் புளித்து அமிலம் கூடிவிடும். மாடு தீனி எடுக்காது, அசைபோடாது, வயிறு உப்பும், கழியும். முற்றினால் படுத்துவிடும், உயிரும் போகும். விசேஷ வீட்டு மிச்சத்தையும் பொங்கல் நாள் மிச்சத்தையும் தின்ற மாடுகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மாடு அதிகமாகச் சோறு தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

விற்பதற்கு முன் வீட்டுக்கு எடுத்து வையுங்கள்

பத்துப் பேர் குடும்பத்துக்கு, ஆளுக்குச் சராசரி 300 கிராம் வீதம், ஆண்டுக்கு 1,100 கிலோ அரிசி வேண்டும். நெல்லாக 1,700 கிலோ. நல்ல விளைச்சல் தரும் ஒரு ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் களத்திலேயே மொத்தத்தையும் விற்றுவிட்டு, மாதாமாதம் 25 கிலோ பைகளாக அரிசி வாங்கும் நெல் விவசாயிகள் இன்று ஏராளம்.

2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த கொள்முதல் விலை, பொது ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி என்றால், நம் நெல் அரிசியாகும்போது கிலோ 38 ரூபாய் சொச்சம். அவியல், அரவைக் கூலி சேர்த்து 42 ரூபாய் என்று வைப்போம். கடை அரிசி 55 ரூபாய் என்றால் கிலோவுக்கு 13 ரூபாய் வித்தியாசம். 1,100 கிலோவுக்கு 14,300 ரூபாய். தவிடும் வீட்டுக்கே மிஞ்சும். உங்கள் ஊர் விலையையும், ரேஷன் அரிசி எவ்வளவு சாப்பாட்டுக்கு ஆகிறது என்பதையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. அறுவடை முடிந்ததும் கடன்காரர் வாசலில் நிற்பார். கொள்முதலுக்குப் போகும் மோட்டா ரகம் சாப்பாட்டுக்குப் பிடிக்காது. புது அரிசி குழைந்துவிடும். சிறிய அளவில் அவித்து அரைத்துத் தர ரைஸ் மில்கள் முன்வருவதில்லை. எல்லாம் உண்மை. ஆனாலும், வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓராண்டுக்கு முடியாவிட்டால் முதலில் மூன்று மாதத்துக்கு எடுத்து வைக்கலாம். வீட்டில் விரும்பும் சன்ன ரகத்தை ஒரு பகுதியில் மட்டும் நடலாம். நெல்லாகவே ஆறு மாதம் பழக விட்டு, மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு லோடாக அரைக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிறிய அரவை இயந்திரம் வைத்தால் உறுப்பினர்களுக்கே பெரிய உதவி.

உளுந்துக்கும் இதே கணக்குதான். நெல் தரிசு உளுந்தை மொத்தமாகப் போட்டுவிட்டு, இட்லிக்கு உடைத்த உளுந்தைக் கடையில் வாங்குகிறோம். வாரம் ஒரு கிலோ என்றால் ஆண்டுக்கு 52 கிலோ. ஒரு மூட்டை எடுத்து வைத்தால் போதும்.

வண்டுக்குப் பங்கு கொடுக்காதீர்கள்

எடுத்து வைத்ததில் பத்தில் ஒரு பங்கை வண்டும் எலியும் தின்றால், மேலே சொன்ன 14,300 ரூபாயில் 4,600 ரூபாய் போய்விடும். ஆகவே சேமிப்பைச் சரியாகச் செய்ய முடிந்தால் மட்டுமே எடுத்து வையுங்கள்.

முதல் வேலை காய வைப்பது. நீண்ட நாள் வைக்கும் நெல்லில் ஈரம் 12 சதவீதத்துக்கு மேலும், பயறில் 10 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. பயறைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். வெயிலில் காய்ந்த சூட்டோடு டிரம்மில் கொட்டி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நன்றாக ஆற விட்டே கொட்ட வேண்டும்.

பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. பயறின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. முழுப் பயறாக வைப்பதைவிட உடைத்துப் பருப்பாக வைத்தால் தாக்குதல் குறைவு. துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பானையில் பயறுக்கு மேல் ஓர் அடுக்குக் காய்ந்த மணல் பரப்புவதும் பலன் தரும் பழைய முறைகள். வண்டு வந்துவிட்டதா என்று முன்கூட்டியே அறிய, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தானியப் பூச்சிப் பொறிகள் இருக்கின்றன. தானியத்துக்குள் செருகி வைத்தால் வண்டுகள் அதன் துளை வழியே உள்ளே விழும். மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். பழைய சாக்கில் வண்டு முட்டை ஒளிந்திருக்கும். அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். விதையைத் தனியே வையுங்கள், மருந்து கலந்த விதை சமையலறைப் பக்கமே வரக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுத் தானியத்தில் போடவே போடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு உறங்குபவர்களின் உயிரைக் குடிக்கும்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வீணாக்க மனமில்லாமல் எண்ணெய் ஆட்டக் கொடுப்பதும், மாட்டுக்குப் போடுவதும் சிக்கனம் ஆகாது. அதில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு பிண்ணாக்கின் வழியே பாலுக்கும் வரும். அதை ஒதுக்கி அழிப்பதே சரி.

கடைக்கு ஒரு சிட்டை, ஒரு கை

பெரிய வீட்டில் டவுனுக்குப் போகும் ஒவ்வொருவரும் நினைவுக்கு வந்ததை வாங்கி வருகிறார்கள். மூன்று பொட்டலம் ரவை சேரும், உப்பு இருக்காது. சேமிப்பறைக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தீர்ந்ததைத் தீர்த்தவர் எழுத வேண்டும். எழுதியதை மட்டும், வீட்டில் ஒருவர் மட்டும் வாங்க வேண்டும்.

முழுப் பொருள் நிற்கும், பொடியும் மாவும் நிற்காது. புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை மாசி முதல் சித்திரைக்குள், வரத்தும் வெயிலும் இருக்கும்போது வாங்கிக் காய வைத்து ஆண்டுக்கு வைக்கலாம். கம்பு மாவு சில நாளிலேயே கசக்கத் தொடங்கும், ஆகவே வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்க வேண்டும். எண்ணெயும் ரவையும் மாதத்துக்கு மேல் வேண்டாம். தோட்டத்தில் கொத்தவரையும் சுண்டைக்காயும் ஒரே நேரத்தில் குவிந்தால் வற்றல் போடுங்கள். சின்ன வெங்காயத்தைச் சாக்கில் கட்டி மூலையில் போடாமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

சமைப்பவரைக் கேட்டு விற்பனை செய்யுங்கள்

இத்தனை வேலையும் பெண்கள் தலையில்தானே விழும் என்று கேட்பீர்கள். கேள்வி சரியானது. காய வைப்பது, புடைப்பது, வண்டு பார்ப்பது, சோறு மிஞ்சினால் பேச்சு வாங்குவது எல்லாம் அவர்கள். ஆனால் எவ்வளவு விற்பது, எந்த ரகம் நடுவது என்ற முடிவில் அவர்களுக்கு இடமில்லை. இது மாறாமல் வீணடிப்பு குறையாது. மூட்டை தூக்கிப் பலகையில் அடுக்குவதும் வெயிலில் கிளறிவிடுவதும் ஆண்கள் செய்யக்கூடிய வேலைதான். வியாபாரி வருவதற்கு முந்தைய நாள், வீட்டுக்கு எத்தனை மூட்டை என்று அம்மாவையும் மனைவியையும் மருமகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அதை எடுத்து வைத்த பிறகு விலை பேசுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பயிற்சிகள் பெரும்பாலும் அறுவடையோடு முடிந்துவிடுகின்றன. மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஈரம் பார்ப்பதையும் பூச்சிப் பொறி வைப்பதையும் செய்து காட்டுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து இரண்டு பொறிகள் வாங்கி ஊரில் வைத்தாலே மற்றவர்கள் பார்த்துக் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இந்த மாதம் முழுவதும் உலையில் போடும் அரிசியை அளந்து எழுதுங்கள். கழுநீர்த் தொட்டிக்குப் போன சோற்றையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அடுத்த போகத்தில் வீட்டுக்கு எத்தனை மூட்டை எடுத்து வைக்க வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.