மறதிக்கார மெஷின்

1984-ல் 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரிடம் மணி கேட்டுப் பாருங்கள். முழிக்கும்! ஸ்விட்ச் போட்டு எத்தனை நேரமாச்சு என்று மட்டும் சொல்லும். அணைச்சா அதுவும் போச்சு.

வைத்தியம் இருக்கு: ஒரு கடிகார சிப், குவார்ட்ஸ் கிரிஸ்டல், 3 வோல்ட் பட்டன் செல், படிக்க ஒரு குட்டி புரோகிராம். கிரிஸ்டல் விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும். அதை 15 முறை பாதியாக்கினால் ஒன்று. எங்க ஓசூர் டைட்டன் குவார்ட்ஸ் வாட்ச்சிலும் இதே கணக்குதான், சார்.

ஒரே எச்சரிக்கை: நிக்கல்-காட்மியம் பேட்டரியை போர்டில் சால்டர் வைக்காதீர்கள். வயசானால் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். நேரம் சொல்ல வந்தவன் மெஷினுக்கே நாள் குறித்துவிடுவான்! என் ஓட்டு, ஹோல்டரில் மாட்டும் பட்டன் செல்லுக்குத்தான். தீர்ந்தால் கழற்றி மாத்திக்கலாம்.