பழைய மெஷினை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கிய நெல் அறுவடை மெஷின். வயது பதினைந்து. 'அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது, இனி பார்ட்ஸ் கிடைக்காது, இரும்பு விலைக்குத் தள்ளிவிடு என்கிறார் மச்சினர். போன சம்பா அறுப்பில் நாலு நாள் வயலிலேயே நின்றுவிட்டது. என்ன செய்ய?' என்று கேட்கிறார்.

தை, மாசியில் நாலு நாள் என்பது சாதாரணம் இல்லை. வாடகை போனது ஒரு பக்கம். சாய்ந்த கதிரில் மழை விழுந்தால் அந்த வயல்காரர் ஈர நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் நிற்க வேண்டும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்றால் அங்கே பேச்சு வேறு. அடுத்த வருஷம் அவர் உங்களைக் கூப்பிடுவாரா?

ஆனாலும் மச்சினர் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மெஷின் மேல் கம்பெனி பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அந்தக் கம்பெனி செய்தது அல்ல. பேரிங், பெல்ட், செயின், ஆயில் சீல் எல்லாம் பொதுச் சரக்கு. டயர் மெஷின்கள் பலவற்றில் இன்ஜின் அசோக் லேலண்ட். அதற்கு லாரி பார்ட்ஸ் கடைக்குப் போனால் போதும்.

கேட்கும் முறைதான் முக்கியம். 'இந்த மாடலுக்கு டிரம் பேரிங் இருக்கா?' என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். பேரிங்கின் விளிம்பைத் துடைத்து எண்ணைப் பாருங்கள். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிமன் 15. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். பின்னால் '2ஆர்எஸ்' என்றிருந்தால் பொதுவாக இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. தூசி பறக்கும் இடத்துக்கு அதுதான் நல்லது. பெல்ட்டில் பி-68 என்றால் பி வகை, உள்சுற்று 68 அங்குலம். ரப்பர் டிராக்கில் மூன்று எண்கள் இருக்கும்: அகலம், ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, மொத்தக் கண்ணிகள். மூன்றும் பொருந்தினால்தான் டிராக் உட்காரும்.

இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை வீட்டில் கணக்கு எழுதுகிறவர் செய்வது நல்லது. டிரைவர் மாறுவார், மெக்கானிக் மாறுவார், நோட்டு வீட்டில் இருக்கும். பெல்ட்டில் அச்சு அழிவதற்குள் செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

உண்மையிலேயே கஷ்டம் தருபவை கியர் பாக்ஸ் பல்சக்கரம், வார்ப்பு இரும்பு உறுப்புகள், ஹைட்ராலிக் பம்ப். டயர் மெஷின் என்றால் பஞ்சாபில் பாட்டியாலா, நாபா, பாத்சன் பக்கம் விசாரிக்கச் சொல்லுங்கள். இந்த மெஷின்கள் பிறக்கும் ஊர்கள் அவை. அதே மாடலில் ஓடாமல் நிற்கும் மெஷின் ஒன்று மலிவாக வந்தால், உடைத்து எடுக்க வாங்கிப் போடுவதும் கெட்டிக்காரத்தனம்தான். சல்லடை, தகடு, கான்கேவ் கம்பிகளை உள்ளூர் லேத்திலேயே சரி செய்யலாம். டிரம் மட்டும் அப்படி இல்லை. ஒரு பக்கம் வெல்டிங் வைத்து எடை கூடினால், அந்த ஆட்டம் புது பேரிங்கையும் தின்றுவிடும்.

அறுப்பு முடிந்ததும் மெஷினை அப்படியே கொட்டகையில் தள்ளாதீர்கள். உள்ளே தங்கிய நெல்லுக்கு எலி வரும், வந்தது ஒயரையும் கடிக்கும். ஈர வைக்கோல் தகட்டை அரிக்கும். சைலன்சர் பக்கம் காய்ந்த வைக்கோல் தங்கினால் தீப்பிடிக்கும். முழுவதும் ஊதித் துடைத்து, கிரீஸ் வைத்து, பெல்ட்களைத் தளர்த்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, டிராக்கில் வெயில் படாமல் நிறுத்துங்கள். இதற்கு ஒரு நாள் கூலி ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வைக்கோல் சிக்கினால் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகே கை வைக்க வேண்டும். முன்பக்கக் கட்டரைத் தூக்கி வைத்து அடியில் நுழைவதானால் மரக்கட்டை முட்டுக் கொடுத்தே நுழைய வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாலு நாள் எதனால் நின்றது என்று பாருங்கள். பேரிங், பெல்ட், செயின் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ் இரண்டுமே கை நீட்டுகின்றன என்றால் மச்சினர் பேச்சைக் கேளுங்கள். ஓடுகிற நிலையில் விற்றால் இரும்பு விலையைவிடக் கூடவே கிடைக்கும். வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் ஆடியிலேயே கடைக்குப் போய்விடுங்கள். தை பிறந்துவிட்டால் கடைக்காரர் போனைக்கூட எடுக்க மாட்டார்.