நீண்ட ஆயுள் ஒரு கடன்

தோழர் பார்வதி கிருஷ்ணன் 2014 பிப்ரவரி 20-ந் தேதி கோவையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 94. அவரைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் எழுதுவது ஒன்றே: ஜமீன் வீட்டுப் பெண், ஆக்ஸ்போர்டில் படித்தவர், சுகபோகத்தைத் துறந்து ஏழைகளிடம் வந்தார்.

இது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. எதைத் துறந்தார் என்பதைவிட, யாருடன் கடைசிவரை நின்றார் என்பதல்லவா பெரிய கேள்வி? ஒரு நாள் துறந்துவிடலாம். அறுபது, எழுபது ஆண்டுகள் நிலைத்து நிற்பது அப்படிப்பட்ட காரியமல்ல.

அவர் பிறந்தது 1919 மார்ச் 15. தகப்பனார் டாக்டர் பி. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. தாயார் ராதாபாய் 1930-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பெண்களில் ஒருவர். ஓர் அண்ணன் 1966 முதல் 1969 வரை இந்தியாவின் தரைப்படைத் தளபதி. இன்னொரு அண்ணன் மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்டாக இருந்து பின்னர் காங்கிரசுக்குப் போய் மத்திய மந்திரியானவர்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண்தான் தோழர் என்.கே. கிருஷ்ணனை மணந்து, கட்சி ஊழியராக வாழ்ந்து, கோவைப் பஞ்சாலைத் தொழிலாளரையும் மலைத் தோட்டத் தொழிலாளரையும் தம் குடும்பமாக்கிக் கொண்டார். அண்ணன் பாதை மாறினார். தங்கை மாறவில்லை.

குடும்பத்தின் மீது பாசம் இல்லாதவரா அவர்? அப்படிச் சொல்பவர்கள் கம்யூனிஸ்டுகளை அறியாதவர்கள். 1954-ல் ராஜ்ய சபைக்கும், 1957-ல் கோவைத் தொகுதியிலிருந்து லோக் சபைக்கும் அவர் சென்றார். அதே பார்லிமெண்டில் தகப்பனார் காங்கிரஸ் வரிசையில் இருந்தார். 1959 முதல் 1962 வரை போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரியாகவும் இருந்தார். 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது தபால் தந்தி ஊழியர்களும் அதில் இறங்கினார்கள். அது தகப்பனாரின் இலாகா. மகளின் கட்சியோ ஊழியர் பக்கம் நின்றது. தகப்பன் மகள் உறவு அதனால் அறுந்துவிடாது. ஆனால் எந்த வரிசையில் உட்காருவது என்பதை உறவு தீர்மானிக்கவில்லை, வர்க்கம் தீர்மானித்தது.

கோவை மண்ணில் தொழிலாளர் தலைவர்களுக்கு நீண்ட ஆயுள் சுலபமாகக் கிடைத்ததில்லை. தொழிற்சங்கத் தலைவர் என்.ஜி. ராமசாமி 1943-ல் இளம் வயதிலேயே மறைந்தார். சிங்காநல்லூருக்கு அருகில் உள்ள சின்னியம்பாளையத்துத் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரையும் 1946 ஜனவரி 8-ந் தேதி ஒரே நாளில் தூக்கிலிட்டது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம்.

1973 மே 31-ந் தேதி டில்லி பாலம் விமான நிலையத்துக்கு அருகே விமானம் விழுந்தது. அதில் இறந்தவர்களில் ஒருவர் மோகன் குமாரமங்கலம். மற்றொருவர் கோவை எம்.பி. தோழர் பாலதண்டாயுதம். ஒரே விபத்தில் உடன்பிறந்தவரையும் உடனிருந்து போராடிய தோழரையும் இழந்தார் பார்வதி கிருஷ்ணன். துக்கத்தில் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தோழர் விட்டுச் சென்ற அதே கோவைத் தொகுதியில் 1974 இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 1977-லும் ஜெயித்தார்.

நீண்ட ஆயுள் என்பது இதுதான். முன்னால் போனவர்களுக்குக் கிடைக்காத ஆண்டுகளை அவர்கள் சார்பில் வாழ்ந்து தீர்க்க வேண்டிய கடன் அது.

நீண்ட வாழ்வில் தவறுகளும் உண்டு. அவற்றை மறைத்து மாலை போடுவது நம் வழக்கமாகக் கூடாது. 1975-ல் இந்திரா காந்தி கொண்டுவந்த அவசர நிலையை அவர் இருந்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆதரித்தது. அது தவறு என்று 1978-ல் பட்டிண்டா காங்கிரசில் அந்தக் கட்சியே ஒப்புக்கொண்டது. தவறை ஒப்புக்கொண்டு, மக்களிடம் திரும்பி வந்து வேலை செய்வதும் ஒரு தலைமுறையின் பெருமைதான்.

சரி, அவரை இன்று எப்படி நினைப்பது? சிங்காநல்லூருக்கு வந்து பாருங்கள். இங்கே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டம் சென்னை ராஜ்யத்தில் முதலில் வந்தது 1955-ல், கோவையில்தான். அது எந்த முதலாளியும் இரக்கப்பட்டுக் கொடுத்த தர்மமல்ல. சங்கம் கட்டிய தொழிலாளி பெற்ற உரிமை.

பக்கத்து ஒண்டிப்புதூரில் காம்போடியா மில் நிற்கிறது. அவர் மீண்டும் பார்லிமெண்டுக்குப் போன அதே 1974-ல்தான் நலிந்த பஞ்சாலைகள் 103-ஐ தேசவுடைமையாக்கும் சட்டம் வந்தது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் ஓடிய காம்போடியா மில்லும் கோவையின் மற்ற கழக ஆலைகளும் 2020 மார்ச்சில் ஊரடங்கைக் காட்டி நிறுத்தப்பட்டன. ஊரடங்கு முடிந்தது. கதிர்கள் சுழலவில்லை.

ஆலையில் முப்பது ஆண்டு உழைத்த கிழவருக்கு என்ன மிச்சம்? தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய். அவர் மறைந்த 2014-ம் ஆண்டு செப்டம்பரில் நிர்ணயித்தது. பத்தாண்டுகள் கடந்தும் அது உயரவில்லை. அரிசி விலை அப்படியே நின்றதா? மருந்து விலை நின்றதா?

மில் தொழிலாளியும் வயதானவர்தான். அவரும் குடும்பத்துக்காக உழைத்தவர்தான்; தெருவுக்குக் குழாய் வேண்டுமென்றும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்றும் ஊருக்காக நின்றவர்தான். ஒரு தலைவியின் 94 வயதைப் போற்றிவிட்டு, அவர் குடும்பமாக ஏற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களின் முதுமையை 1000 ரூபாய்க்கு விட்டுவிட்டால் அது அஞ்சலியாகுமா?

ஜமீன் வாசலைத் தாண்டி வந்து பஞ்சாலை வாசலில் நின்றவர் அவர். அந்த வாசல் இன்று மூடிக் கிடக்கிறது. அதைத் திறக்கக் கோரியும், முதியவருக்கு மானமாக வாழப் பென்ஷன் கோரியும் சங்கக் கொடியின் கீழ் திரளுவோம். கடனைத் தீர்க்க வேண்டியவர்கள் இப்போது நாம்.