காலைப் பட்டினியும் கரும்பலகையும்

காலைப் பிரார்த்தனை மணி அடித்ததும் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். வரிசை கலைவதற்குள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலைசுற்றி விழுகிறாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, மரத்தடியில் உட்கார வைக்கிறார்கள். “சாப்பிடாமல் ஏன் வந்தாய்?” என்று வாத்தியார் அதட்டுகிறார். பெண் வாய் திறக்கவில்லை. அவள் தாய் விடியுமுன்பே நடவுக்குப் போய்விட்டாள். தகப்பன் ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து இன்னும் வீடு வந்து சேரவில்லை. இதை அவள் எப்படி நாலு பேர் முன்னால் சொல்லுவாள்?

இது எங்கோ ஒரு முறை நடந்த அதிசயமல்ல. ஆலைத் தொழிலாளர் லைன் வீடுகளிலும், விவசாயத் தொழிலாளர் குடிசைகளிலும் வாழும் நம் வாசகர்கள் பலர் இதைத் தங்கள் வீட்டிலேயே கண்டிருப்பார்கள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, மண்டையில் களிமண் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு நாமும் பிள்ளையை அடிக்கிறோம். கோளாறு மண்டையில் இல்லை; வயிற்றிலும் இரத்தத்திலும் கண்ணிலும் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆளாக இருக்க வேண்டியவர் யார்? டாக்டர் எப்போதோ ஒரு நாள் வந்து போகிறார். தாய் தகப்பன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுவதும் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்திருப்பவர் ஆசிரியர்தான். ஆகவே பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் அவருக்கும் பொறுப்பு உண்டு என்று நாம் சொல்லுகிறோம்.

முதலில் சோறு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாடு வெகு காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது அது மாகாணமெங்கும் பரவியது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் இந்தக் காலை உணவு 1 முதல் 5-ம் வகுப்பு வரை என்று வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போன மறுநாளே பிள்ளைக்குக் காலைப் பசி நின்றுவிடுமா?

இங்கே ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? முதல் பீரியடில் யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதைத் தனியாக, பக்குவமாக விசாரித்து அறியலாம். மதியச் சோறு வெந்திருக்கிறதா, பருப்பு இருக்கிறதா, முட்டை எல்லோருக்கும் வந்ததா என்று பார்க்கலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து தாமும் ஒரு கவளம் உண்ணலாம். வாத்தியார் உண்ணுகிற சோற்றில் பூச்சி கிடக்க யாரும் விடமாட்டார்கள். சாதி பார்த்துத் தட்டை ஒதுக்குகிறவர்களுக்கும் அதுவே பதில்.

இரண்டாவது இரத்தம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்த சோகை. இந்தப் பிள்ளைகள்தான் மூச்சு வாங்கி உட்காருகிறார்கள், பாட நேரத்தில் தூங்கி விழுகிறார்கள். இதற்காக வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்க ஏற்பாடு உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும்; உடனே ‘விஷ மாத்திரை’ என்று வதந்தி கிளம்பும். சாப்பிட்ட பிறகு கொடுத்து, மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் பாதி வதந்தி அடங்கிவிடும். மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

இரத்தத்தைக் குடிக்கும் இன்னொரு எதிரி கொக்கிப்புழு. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் வழியே அது உடலுக்குள் புகுகிறது. வயலில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் தரும் குடற்புழு மாத்திரையை ஒரு பிள்ளையும் தவறவிடாமல் ஆசிரியர் பார்த்துக்கொண்டால், பல மாதச் சோறு வீணாகாமல் உடம்பில் ஒட்டும்.

மூன்றாவது கண்ணும் காதும். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுகிறவன் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லையோ என்று பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாதவன் திமிர் பிடித்தவன் அல்லன். காதில் சீழ் வடிகிறதோ என்று பாருங்கள். அவனை முன் பெஞ்சியில் உட்கார வைக்கக் காசு செலவில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013 முதல் மருத்துவக் குழுத் திட்டம் உண்டு. அந்தக் குழு வரும் நாளில் இந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர் தயாராக வைத்திருக்க வேண்டும்.

நான்காவது தண்ணீரும் கக்கூசும். கக்கூசுக்குக் கதவில்லை, தண்ணீரில்லை என்றால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். தலைவலியும் நீர்க்கடுப்பும் அதன் பலன். மாதவிலக்கு வந்தால் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். சில நாள் தங்கல் பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவதில் முடிகிறது. நின்ற பெண்ணைப் பஞ்சாலைக்கு ஆள் பிடிக்கும் தரகன் வாசலிலேயே காத்திருக்கிறான். கேரளத்தில் 2019-ல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளியில் தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். ஒரு மணி அடிப்பதற்கு எந்த பட்ஜெட்டும் தேவையில்லை.

ஐந்தாவது மனம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. பிரம்பு குறைந்திருக்கலாம், நாக்கு குறையவில்லை. “உன் அப்பன் மாதிரி மூட்டை தூக்கத்தான் நீ லாயக்கு” என்ற ஒரு சொல் பிரம்படியைவிட அதிக நாள் வலிக்கும். மூட்டை தூக்குவது கேவலமா? அந்த உழைப்பில்தானே வாத்தியார் வீட்டு அடுப்பும் எரிகிறது? சாதி வெறி பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை 2023-ல் நாங்குநேரியில் நாடே கண்டது. சக மாணவர்களே அரிவாள் எடுத்தார்கள். பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், பள்ளிக்கு வராமல் நின்றால், முதலில் கவனிக்கக்கூடியவர் ஆசிரியர். அடிக்காமல், கேலி செய்யாமல், “என்ன நடந்தது?” என்று கேட்கும் ஒரு பெரியவர் பள்ளியில் இருந்தால் பல விபரீதங்களை முளையிலேயே தடுக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் நியாயமான குறைகள் உண்டு. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, கணக்கற்ற படிவங்கள் எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். காலியிடங்களை நிரப்பாமல், கக்கூசு கழுவ ஆள் போடாமல், குற்றத்தை வாத்தியார் மீது மட்டும் சுமத்துவது சர்க்காருக்கு வசதியாக இருக்கலாம். நமக்கு அது நியாயமாகாது.

தோழர்களே, நாமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் 4-ல் 3 பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்று நாம் போவதில்லை. நம் பெயரில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கூட்டத்தை ஷிப்டுக்கும் கூலி நேரத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் வையுங்கள் என்று முதல் கோரிக்கையாகக் கேளுங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் பத்தாம் வகுப்பு வரை வேண்டும், கக்கூசுக்குக் கதவும் தண்ணீரும் துப்புரவு ஆளும் வேண்டும், காலியான ஆசிரியர் இடங்கள் நிரம்ப வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடுங்கள். ஆசிரியரை எதிரியாக எண்ணாமல் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள்.

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதட்டல் வேண்டாம். ஒரு தட்டு உணவும், ஒரு மாத்திரையும், ஆதரவாக ஒரு வார்த்தையும் போதும்; அவள் எழுந்து வகுப்புக்குப் போவாள்.