சார்ஜ் ஒப்படைக்காமல் போகலாமா?

புத்தக வெளியீட்டு விழா என்றால் பொன்னாடை, மாலை, நீண்ட வாழ்த்துரை என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பும் கேட்கும்: "ஓய்வு பெற்றதும் ஆளாளுக்குப் புத்தகம் போடக் கிளம்பிவிடுகிறார்கள். யார் கேட்டார்கள்?" நானும் ஒரு காலத்தில் அப்படி முணுமுணுத்தவன்தான். இன்று என் கருத்து வேறு.

மனிதர்கள் ஏன் எழுதுகிறார்கள்? பணத்துக்காக என்றால் தமிழ்ப் பதிப்பாளர்களே சிரிப்பார்கள். புகழாசை சிலருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலைத்து நின்ற நூல்களைப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியது 1940-இல், ஆனந்த விகடனில். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 85. அடைய வேண்டிய புகழையெல்லாம் அடைந்துவிட்டவர். 1942-இல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. தன் வரலாறு என்று பெயரே தவிர, அதில் பெரும்பகுதி அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றியது. எழுத வைத்தது நன்றிக்கடன்.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1969-இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். மருந்து கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். சொல்லாமல் போனால் அந்தத் துன்பம் நடக்கவே இல்லை என்றாகிவிடும். அதுதான் அவரை எழுத வைத்தது என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் இன்னது சொன்னார் என்று அன்றாடச் செய்திகள்தாம். அச்சில் வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். இன்று அந்தக் காலத்து வரலாற்றை எழுதுபவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இனி நம் ஸ்ரீராம்புரத்துக்கு வருகிறேன். ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று மில் வேலையை நம்பி வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். இன்று அந்தச் சங்கு ஒலிப்பதில்லை. ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி வணிக வளாகம் எழுந்தது. 2014 முதல் நம் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. மில்லில் வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். மில்லில் முதல் சம்பளம் எவ்வளவு, ஸ்டிரைக் நாட்களில் அரிசி கடன் கொடுத்த கடைக்காரர் யார், தண்ணீர்க் குழாய்க்கு எத்தனை முறை மனு எழுதினார்கள் என்று நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். "படித்துப் பாருங்க சார்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் காலமான பின் போய்க் கேட்டேன். வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டதாம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். அது என்ன நோட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் போகவில்லை.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவருக்குச் சார்ஜ் ஒப்படைக்கும் குறிப்பு எழுதித் தருவோம். எந்த வளைவில் மழைக்கு மண் இறங்கும், எந்தப் பாலத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதாமல் போனால் அடுத்தவர் விபத்து நடந்த பிறகுதான் தெரிந்துகொள்வார். வேலைக்கு இவ்வளவு ஒழுங்காக எழுதிய நாம், வாழ்க்கைக்கு ஏன் எழுதுவதில்லை?

"பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, யாருக்காக எழுதுவது?" என்று அன்பர்கள் கேட்கலாம். பிள்ளையின் தமிழ்க் குறிப்பு பிற்பாடு ஆங்கிலத்துக்குப் போயிற்று. டேனியலின் ஆங்கில நாவல் 2007-இல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. மொழிபெயர்க்க ஒருவர் என்றாவது வருவார். எழுத்தே இல்லையென்றால் அவர் எதை மொழிபெயர்ப்பார்?

ஆகவே அன்பர்களே, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த ரயிலில் வந்தீர்கள், முதல் இரவு யார் வீட்டுத் திண்ணையில் படுத்தீர்கள், முதல் வேலை யார் வாங்கித் தந்தார்கள் என்று எழுதுங்கள். இலக்கணம் பிழையானாலும் பரவாயில்லை. ஆண்டும் பெயரும் சரியாக இருந்தால் போதும். அச்சிட வசதியில்லையா? இரண்டு நகல் எடுத்து ஒன்றைச் சங்கத்திடம் கொடுத்து வையுங்கள். சங்கமும் இதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்க வேண்டுகிறேன்.

நான் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது என்னைப் பற்றியல்ல, அந்த நான்கு நோட்டுகளைப் பற்றி.